வண்டிப்பேட்டையிலிருந்து வாசல் வரை

பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு மாட்டுவண்டியில் போன தலைமுறையின் கடைசிப் பிள்ளைகளில் நானும் ஒருவன். கோயிலுக்கு வெகு தூரம் முன்பாகவே ஒரு புளியந்தோப்பில் வண்டியை அவிழ்த்துவிடுவார் ஐயா. மாடுகளுக்கு வைக்கோல் உதறிப் போட்டுவிட்டு, வண்டி நின்ற மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து மனத்தில் குறித்துக்கொள்வார். இருட்டிய பிறகு அத்தனை வண்டிகளுக்கு நடுவே நம்முடையதைக் கண்டுபிடிக்க வேண்டுமே. பிறகு வாசல்வரை நடைதான். முழங்கால் வலி முற்றிய ஒரு வருடம், அப்பத்தா வண்டியை விட்டு இறங்கவேயில்லை. நாங்கள் கொண்டுவந்த குங்குமத்தை இட்டுக்கொண்டு, கோபுரம் இருந்த திசையை நோக்கிக் கும்பிட்டதோடு அவளது திருவிழா முடிந்தது.

வண்டியை விட்ட இடத்துக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள அந்தக் கடைசி அரை மைலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களில் கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல்வரை ஆட்களை ஏற்றிச்செல்லும் ட்ராம்களைப் பற்றிப் படித்தபோதுதான் இது உறைத்தது. பெயர்தான் ட்ராம், தண்டவாளம் கிடையாது. முன்னால் ஓர் இழுவை வண்டி, பின்னால் ரப்பர் சக்கரங்களில் கோத்துவிட்ட திறந்த பெட்டிகள், அவ்வளவே. தண்டவாளம் போன பிறகும் அந்தப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் கதை வேறெங்கோ போகிறது.

கேளிக்கைப் பூங்காக்களில் கணிசமானவற்றைப் பெற்றெடுத்ததே ட்ராம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களின் ட்ராம் கம்பெனிகளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வார நாட்களில் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் நெருக்கியடித்து ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டிகள் காலியாக ஓடின. பாதையின் கடைக்கோடியில் ஒரு தோப்பையோ ஏரிக்கரையையோ வாங்கி, ராட்டினமும் நடன மேடையும் போட்டு ஜனங்களை அங்கே இழுத்தார்கள். பிட்ஸ்பர்க் அருகே 1898இல் ஒரு ட்ராம் கம்பெனி உருவாக்கிய கென்னிவுட் பூங்கா இன்றும் இருக்கிறது. பயணச்சீட்டுதான் வியாபாரம், ராட்டினம் அதற்கான தூண்டில். நடக்க முடியாத கிழவியும் வாசலிலேயே இறங்க முடிந்தது.

பெரும் பொருட்காட்சிகள் இதே சிக்கலை வேறு விதமாகச் சந்தித்தன. 1889 பாரிஸ் பொருட்காட்சியில் தெகோவில் நிறுவனம் 60 சென்டிமீட்டர் அகலமே உள்ள குறும்பாதையில் ரயில் ஓட்டி, ஆறு மாதங்களில் அறுபது லட்சத்துக்கும் அதிகமான பயணிகளை ஏற்றியது. 1939இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் கிரேஹவுண்ட் நிறுவனம் ஓட்டிய இழுவை ரயில்களுக்குத் தண்டவாளமே இல்லை. பூங்கா ட்ராமுக்கு நேர் மூதாதை அவைதாம் என்பது என் எண்ணம்.

பிறகு கார் வந்தது. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் அனாஹைம் ஆரஞ்சுத் தோட்டங்களின் நடுவே டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அவ்விடம் தேர்வானதற்குப் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருந்த நெடுஞ்சாலை ஒரு முக்கிய காரணம். விளையாட ஒதுக்கிய நிலத்தைவிடக் கார் நிறுத்த ஒதுக்கிய நிலம் பெரியது, ஏறக்குறைய 100 ஏக்கர். வெயிலில் அந்தத் தார்ப்பாலையைக் குழந்தைகளோடு கடக்க முடியாது. ஆகவே ட்ராம். அதே வட்டாரத்தில் நிஜ ட்ராம்கள் செத்துக்கொண்டிருந்தன. லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிலும் ஊர்களை இணைத்த பசிபிக் எலக்ட்ரிக்கின் சிவப்பு வண்டிகளில் கடைசி வழித்தடம் 1961இல் நின்றது. ஊருக்குள் ஒழிந்த ட்ராம் கார்களுக்கு ஊழியம் செய்யப் பூங்கா வாசலுக்கு வந்து சேர்ந்தது.

இந்த விசித்திரம் அதோடு நிற்கவில்லை. அந்தப் பழைய கார் நிறுத்துமிடத்தின் மேலேயே 2001இல் டிஸ்னி இரண்டாவது பூங்காவைக் கட்டியது. 2012இல் அதற்குள் அதே சிவப்பு ட்ராமின் நகலை, பழைய ஞாபகத்துக்கென்று ஓடவிட்டார்கள். 2025இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஒரே நிலத்தில் ட்ராம் எத்தனை முறைதான் சாகும்!

சென்னைக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவின் முதல் மின்சார ட்ராம் 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது சென்னையில்தான். அதன் உச்சமான 1921இல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. அப்போது மிருகக்காட்சிசாலை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. ட்ராமில் வந்து இறங்கிப் புலியைப் பார்த்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்பலாம். நம் எழுத்தாளர்கள் பலருடைய சென்னை அதுதான். நட்டத்தில் மூழ்கிய கம்பெனி 1953 ஏப்ரல் 12 அன்று ட்ராமை நிறுத்தியது. 1985இல் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போனது. சுமார் 600 ஹெக்டேர் காடு. விலங்குகளுக்கு அது பெரும் விடுதலை, சந்தேகமேயில்லை. மனிதர்களுக்கோ உள்ளே சுற்றவே ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. இன்று அங்கே பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன.

புதுக்கோட்டையில் ட்ராம் ஓடியதில்லை. திவான் சேஷையா சாஸ்திரி திருத்தியமைத்த நேரான, அகலமான வீதிகளைப் பார்க்கும்போதெல்லாம் ஓடியிருக்கலாமே என்று தோன்றும். ரயிலே 1929இல்தான் வந்தது. அதுவரை வண்டிப்பேட்டைகளின் ராஜ்யம். வண்டிப்பேட்டை என்ற சொல்லை நாம் கைவிட்டது ஒரு நஷ்டம். மாடு தண்ணீர் குடிக்க, ஆள் தலைசாய்க்க, வண்டி இளைப்பாற ஓர் இடம் என்று அத்தனையும் அச்சொல்லுக்குள் இருந்தது. பார்க்கிங்கில் கார் மட்டுமே இருக்கிறது.

கடைசி அரை மைலின் அருமை அது இல்லாதபோது தெரிகிறது. பெருந்தொற்றுக்காக மூடிய டிஸ்னிலாந்து 2021 ஏப்ரலில் திறந்தது. அதன் ட்ராம் 2022 பிப்ரவரியில்தான் மீண்டும் ஓடியது. இடைப்பட்ட மாதங்களில் கார் நிறுத்தும் மாடிக்கட்டடத்திலிருந்து வந்தவர்கள் நடந்தார்கள். நடக்க இயலாதவர்களில் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்களோ, அவர்களை யார் எண்ணினார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவைக் காரில் நார்த்தாமலைக்கு அழைத்துப்போனேன். அம்மாவுக்கு இப்போது ஏறக்குறைய அப்பத்தாவின் அன்றைய வயது. அறுவடையான ஒரு வயலில் காரை நிறுத்தச் சொன்னார்கள். அம்மா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, தூரத்தைப் பார்த்துவிட்டு, "நீ போயிட்டு வாப்பா" என்றார். அந்நேரம் ஓர் இளைஞன் குட்டியானை வண்டியொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் இரண்டு பெஞ்சுகள், ஏறுவதற்கு ஒரு பழைய ஸ்டூல், பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கயிறு. வயதானவர்களுக்கு மட்டும், ஆளுக்குப் பத்து ரூபாய். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தோம். வண்டி நகரும்போது அம்மா என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினார்: "கார் நிக்கிற இடத்தைப் பார்த்து வச்சுக்க. வேப்பமரத்துக்கு மேற்கால."