ஹாபிதானே மேடம்

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. 2009இல் மளிகைக் கணக்கு எழுத வாங்கியது. நான்கு பக்கத்தோடு மளிகைக் கணக்கு நின்றுபோய், ஐந்தாம் பக்கத்திலிருந்து பின்னல் கணக்கு ஓடுகிறது. தொடங்கிய தேதி, உல்லன் நிறம், கம்பி எண், எத்தனை கண்ணி, யாருக்கு, முடித்த தேதி. போன மாதம் உட்கார்ந்து எண்ணினேன். முடித்தவை 43. அதில் 26 குழந்தைகளுக்கு: தொப்பி, காலுறை, குட்டி ஸ்வெட்டர். 9 என் வீட்டு ஆண்களுக்கு. 6 அம்மாவுக்கும் அத்தைக்கும் தோழிகளுக்கும். எனக்கென்று பின்னிக்கொண்டவை 2. கோயம்புத்தூர் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லைதான். ஆனால் ஒன்பது ஆண்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லையே.

எண்ண வைத்தது ஒரு கடை. குழந்தை உடுப்பு விற்கும் கடை. தொப்பியும் காலுறையும் சேர்ந்த செட் இருபது வேண்டும், உல்லன் அவர்களே தருவார்கள், செட்டுக்கு 180 ரூபாய் என்றார்கள். ஒரு செட்டுக்கு எனக்கு ஒன்பது மணி நேரம் ஆகும். மணிக்கு 20 ரூபாய். கூலி போதாது என்றேன். கடைக்காரர் கோபப்படவில்லை, சிரித்தார். "உங்களுக்கு இது ஹாபிதானே மேடம், சும்மா டிவி பாக்குற நேரத்துல பண்றதுதானே" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த வாக்கியத்தை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. அதற்கு வயது அதிகம்.

ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் நரசாபூர் என்ற ஊர். அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்கள் குரோஷா ஊசியால் லேஸ் பின்னுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த வேலை. 1970களில் இந்த லேஸின் ஏற்றுமதி பெருகிய காலத்தில் ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் ஆய்வு செய்தார். 1982இல் 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நரசாபூர்' என்ற நூலாக வந்தது. அவர் கண்டது எளிமையானது, பயங்கரமானது. ஒரு பெண் முழு விரிப்பைப் பின்னுவதில்லை. பூவை மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். நூலைக் கொடுப்பதும் பின்னியதை வாங்கிப்போவதும் ஏஜெண்ட். விரிப்பு எந்த நாட்டு மேசைக்குப் போகிறது என்று பூப் பின்னியவளுக்குத் தெரியாது. சமையலும் பிள்ளைகளும் மாடும் போக மிச்ச நேரத்தில் அவள் ஆறு, ஏழு, எட்டு மணி நேரம் பின்னினாள். ஆனாலும் அவள் பெயர் தொழிலாளி அல்ல. வீட்டுப் பெண், ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறாள். ஓய்வு நேர வேலைக்கு எதற்கு முழுக் கூலி? ஏற்றுமதியாளரிலிருந்து அரசாங்க அதிகாரி வரை இதையே சொன்னார்கள்.

அந்த நூலில் என்னை அதிகம் குடைந்தது வேறொரு இடம். லேஸ் பின்னிய காப்பு சாதிப் பெண்கள், வயலில் கூலிவேலை செய்த தலித் பெண்களைவிடத் தங்களை உயர்வாக நினைத்தார்கள். படி தாண்டாமல் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை அல்லவா. ஆனால் நாள் கூலியில் வயலில் நின்றவள்தான் அதிகம் வாங்கினாள். கௌரவத்துக்குக் கொடுத்த விலை அது. கடைக்காரர் என்னை "மேடம்" என்று அழைத்தது நினைவுக்கு வந்தது.

இதே லேஸுக்கு நம் பக்கத்தில் வேறொரு கதை உண்டு. 1819இல் லண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தவர்கள் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி. மார்த்தா அங்கே சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தென் திருவிதாங்கூரில் அப்போது மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்கலாம். அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அந்த விடுதிப் பள்ளியில் படித்த அடிமைச் சிறுமிகளில் சிலர் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. இழை இழையாகச் சேர்த்த காசு. ஆனால் எந்தப் பெண், எத்தனை முழம் பின்னினாள், எத்தனை வருடம் ஆயிற்று என்றெல்லாம் தேடினால் நம் கைக்குக் கிடைப்பது மார்த்தா மால்ட்டின் பெயர்தான். தோள்சீலைக் கலவரங்கள் நடந்த அதே ஊர்கள், அதே பத்தாண்டுகள். உடம்பை மூட உரிமையில்லை என்று அடிக்கப்பட்ட பெண்கள் ஒரு பக்கம், அவர்கள் வீட்டுச் சிறுமிகள் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டிக்கு லேஸ் பின்னியது மறுபக்கம். இதை நினைக்காமல் அந்த லேஸை அழகு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

லேஸ் வேறு, என் கையிலிருக்கும் இரண்டு கம்பிப் பின்னல் வேறு என்பது தெரியும். இரண்டு கம்பிக்கும் வரலாறு இருக்கிறது. ஐரோப்பிய நகரங்களில் அது ஒரு காலத்தில் ஆண்களின் சங்கத் தொழில். வருடக்கணக்கில் பயிற்சி, கடைசியில் கம்பளம் அளவுக்கு ஒன்றைப் பின்னிக் காட்டித்தான் தேர்ச்சி பெற்றவர் ஆக முடியும். 1589இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் பின்னல் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பிறகு மெல்ல மெல்ல லாபமுள்ள வேலை இயந்திரத்துக்கும் அதை வைத்திருந்த ஆண்களுக்கும் போயிற்று. கைப்பின்னல் ஏழைகளுக்கும் பெண்களுக்கும் மிஞ்சியது. பிறகு அது பெண்களின் இயல்பாகவே ஆகிவிட்டது! பிறக்கும்போதே உல்லனோடு பிறந்தோம் போல.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள். அங்கே பெண்கள் முதுகில் கரிமண் கூடையைச் சுமந்து நடந்துகொண்டே பின்னினார்கள். பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. இடுப்பில் துளைகளுள்ள ஒரு தோல் பட்டை. அதில் ஒரு கம்பியைச் செருகிக்கொண்டால் கை இலகுவாகும், நடையும் நிற்காது. மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் அளவுக்கு மெல்லிய சால்வைகளைப் பின்னியவர்கள் அவர்கள். அதற்கு வியாபாரி கொடுத்தது காசு அல்ல. தேயிலை, துணி, அவன் கடையில் இருக்கிற ஏதாவது. 1872இல் அரசாங்கம் இந்தப் பண்டமாற்றுக் கூலி முறையைப் பற்றி விசாரணை நடத்தியது. பெண்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். வீட்டில் மாவு இருக்காது. கூலியாக வந்த தேயிலையை யாரிடமாவது குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு மாவு வாங்க வேண்டும். அந்தச் சாட்சியங்கள் அச்சில் இருக்கின்றன, பெண்களின் பெயரோடு. பின்னல் வரலாற்றில் இப்படிப் பெயரோடு பேசும் பெண்கள் அபூர்வம். பேச வைத்தது கலை ஆர்வம் அல்ல, கூலிப் பிரச்சினை.

எனக்குக் கம்பி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் குன்னூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா. அப்பாவின் வேலை நிமித்தம் நாங்கள் நான்கு வருடம் அங்கே இருந்தோம். அக்கா எந்நேரமும் பின்னிக்கொண்டிருப்பார், ஆனால் அவர் வீட்டில் இருந்தது மொத்தமே ஐந்தாறு ஸ்வெட்டர்தான். பையன் வளர்ந்ததும் அவன் ஸ்வெட்டரைப் பிரிப்பார். சுருள் சுருளாக வரும் நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, கீழே ஒரு கனத்தைக் கட்டிக் கொடியில் தொங்கவிடுவார். காய்ந்தால் சுருள் நிமிர்ந்துவிடும். அதே நூல் அடுத்த குளிருக்குள் பெரிய ஸ்வெட்டராக மாறும். போதாத இடத்தில் வேறு நிறத்தில் பட்டை. ஒரு கருநீல உல்லனை அவர் மூன்று முறை பிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைசிவரை அது அவர் உடம்புக்கு வரவில்லை. அவர் முடித்தவற்றை யாராவது எண்ணினால் எத்தனை வரும்? முடித்ததன் நூலே அடுத்ததின் தொடக்கம் என்றால், அருங்காட்சியகத்துக்கு எதைக் கொண்டுபோய் வைப்பது? பெண்கள் பின்னியது நமக்கு ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்று கேட்பவர்கள் அந்தக் கொடியைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் புதிதாக ஒன்றைத் தொடங்கும் விதம் வீட்டில் எல்லோருக்கும் கேலி. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றை ஆரம்பிப்பேன். இப்போது கம்பியில் நிற்பவை ஐந்து. தொடங்குவது இரவில், பாத்திரம் கழுவி முடித்த பிறகு. முதலில் சிட்டத்தை உருண்டையாகச் சுற்றுவேன். நாற்காலி முதுகில் மாட்டித்தான், யார் கையையும் நீட்டச் சொல்வதில்லை. யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டேன். முக்கால்வாசி நேரம் எனக்கே தெரியாது. முதல் பத்து வரிசை வரை அது எதுவாகவும் ஆகலாம். பெயர் வைத்துவிட்டால் அவரவர் வந்துவிடுவார்கள்: கை நீளம் போதுமா, பிறந்தநாளுக்குள் முடியுமா, நீலத்தில் இருந்திருக்கலாமே.

கை வேலையில் இருக்கும்போது பெண்ணின் மனம் எங்கே போகிறது என்ற கவலை ஆண்களுக்கு நீண்ட நாளாக உண்டு. 1895இல் பிராய்டும் பிரோயரும் சேர்ந்து வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வு நூலில், ஊசிவேலை போன்றவை பெண்களைப் பகற்கனவுக்குப் பழக்குகின்றன, நோய்க்கு வித்து அங்கேயும் இருக்கலாம் என்கிற கருத்து வருகிறது. 1984இல் 'தி சப்வர்சிவ் ஸ்டிச்' எழுதிய ரோசிகா பார்க்கர் இதை எடுத்துக் காட்டுகிறார். அடக்கம் பழக வேண்டும் என்று ஊசியைக் கையில் கொடுத்தவர்களே, ஊசியோடு உட்கார்ந்து இவள் என்ன நினைக்கிறாள் என்று பயந்திருக்கிறார்கள். அந்த நூலில் அன்னா ஓ. என்ற புனைபெயரில் வரும் நோயாளி பெர்தா பாப்பன்ஹைம். அவர் பின்னாளில் மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை 1899இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார், 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகப் பழைய லேஸ் தேடிச் சேர்த்தவரும் அவரே. அந்தச் சேகரிப்பு வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பகற்கனவு எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்.

தொடங்குவதை எனக்குச் சட்டபூர்வமாக்கித் தந்தவர் எலிசபெத் ஸிம்மர்மன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்து, 1937இல் அமெரிக்கா போனவர். வட்டக் கம்பியில் குழாய்போலத் தையலின்றிப் பின்னுவார். ஒரு பத்திரிகை அவர் ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு, செய்முறையை மட்டும் தட்டையான துண்டுகளாக மாற்றி எழுதி வெளியிட்டது. கோபத்தில் 1958இலிருந்து தானே செய்தித்தாள் அச்சிட்டுப் பின்னுபவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். 1971இல் 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' வந்தது. அதில் நான் பிடித்துக்கொண்டது அவர் சதவீதக் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு 5 கண்ணி, மார்பளவு 40 அங்குலம் என்றால் உடம்புக்கு 200 கண்ணி. அதில் ஐந்தில் ஒரு பங்கு மணிக்கட்டு, மூன்றில் ஒரு பங்கு மேல்கை, கழுத்துக்கு 40 சதவீதம். வேறு யாருடைய அச்சடித்த செய்முறையும் வேண்டாம். எந்த உடம்புக்கும், எந்த நூலுக்கும் நாமே கணக்குப் போடலாம். அதுவரை புத்தகத்தில் "மீடியம்" என்று போட்டிருந்ததற்கு என் உடம்பை ஒடுக்கிக்கொண்டிருந்தேன்.

மாதிரித் துண்டு பின்ன அலுப்பாக இருந்தால் ஒரு தொப்பியே பின்னிவிடு என்பது அவர் யோசனை. கண்ணி அளவும் தெரியும், தொப்பியும் மிஞ்சும். என்னுடைய 26 குழந்தை உருப்படிகளில் பாதி அப்படி மிஞ்சிய தொப்பிகள்தான். அவற்றை வாங்கிக்கொண்டவர்களுக்கு இது தெரியாது, இப்போது தெரியட்டும்.

கடைக்கு நான் திரும்பிப் போனேன். மணிக்கு 60 ரூபாய் வீதம் செட்டுக்கு 540 என்று ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தேன். மறுத்துவிட்டார்கள். வேறொரு பெண் 150க்கு ஒத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டில் என்ன அவசரமோ. அவருக்கும் என் கணக்குத் தாளின் நகல் ஒன்று போய்ச் சேர வேண்டும் என்று தோன்றியது. கடைக்கு வெளியே நின்று இரண்டு நாள் பார்த்தேன், ஆள் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு புதிதாக ஒன்று தொடங்கினேன். செங்கல் நிறம், 4 மில்லிமீட்டர் வட்டக் கம்பி, 96 கண்ணி. நோட்டில் "யாருக்கு" என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன், பேனாவால். பன்னிரண்டாவது வரிசையில் முறுக்கு விழுந்திருப்பது இன்று காலைதான் தெரிந்தது. பிரிக்க வேண்டும்.