‘நூன்’ நகர்ந்த கதை

நாள்தோறும் நாம் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘நூன்’ என்பதும் ஒன்று. பள்ளிச் சிறார் ‘குட் ஆஃப்டர்நூன்’ என்று எழுந்து நிற்கின்றனர். அலுவலகத்தில் ‘ஃபோர்நூன்’, ‘ஆஃப்டர்நூன்’ என்று அரைநாள் விடுப்பைக் கணக்கிடுகிறோம். நண்பகல் பன்னிரண்டு மணி என்பதே அதன் பொருள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அச்சொல்லின் பிறப்பை நோக்கின், அது பன்னிரண்டு மணியைக் குறிக்கத் தோன்றியதன்று, பிற்பகல் மூன்று மணியைக் குறிக்கத் தோன்றியது என்னும் வியப்பான செய்தி புலனாகும்.

பண்டை ரோமானியர் ஞாயிறு எழுவது முதல் மறைவது வரையுள்ள பகற்பொழுதைப் பன்னிரண்டு கூறாக்கினர். அவற்றுள் ஆறாங்கூறு முடியும் வேளை உச்சிப்பொழுது. ஒன்பதாங்கூறு முடியும் வேளை ஏறக்குறைய இன்றைய மூன்று மணி. இலத்தீன் மொழியில் ‘நோனா’ என்றால் ஒன்பதாவது. கிறித்துவ மடங்களில் அவ்வேளையில் நிகழும் வழிபாட்டுக்கும் அதுவே பெயராயிற்று. அச்சொல்லே பழைய ஆங்கிலத்தில் ‘நோன்’ என்று புகுந்தது.

மூன்று மணி பன்னிரண்டானது எங்ஙனம்? நோன்பு நாள்களில் துறவியர் அவ்வழிபாடு முடிந்த பின்னரே உணவு கொள்வர். பசி பொறாமையால் வழிபாடு சிறிது சிறிதாக முன்னே நகர்ந்தது என்று ஒரு காரணம் கூறுவர். காரணம் எதுவாயினும், பதினான்காம் நூற்றாண்டளவில் ‘நூன்’ உச்சிப்பொழுதில் வந்து நிலைகொண்டது. உச்சிப்பொழுதுக்கு உரியதாயிருந்த ‘ஆறாவது’ என்னும் இலத்தீன் சொல்லோ, ஸ்பெயின் நாட்டில் ‘சியஸ்டா’ என்னும் பகலுறக்கமாக வாழ்கின்றது. ஒன்று உணவைத் தேடி வந்தது. மற்றொன்று உண்ட மயக்கத்தில் உறங்கிவிட்டது போலும்!

நம் தமிழில் இத்தகைய குழப்பம் இல்லை. தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுது ஆறனுள் நண்பகலும் ஒன்று, பாலைத்திணைக்கு உரியது. நாளொன்றுக்கு 60 நாழிகை. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். பகலும் இரவும் ஒத்த நாளில், ஞாயிறு எழுந்து 15 நாழிகை கழிந்தால் உச்சி. நிழல் காலடியில் ஒடுங்குவதைக் கண்டு வேளை அறிந்தவர் நம் முன்னோர்.

ஆனால் நிழல் ஒடுங்கும் வேளை எல்லா ஊருக்கும் ஒன்றாயிருப்பதில்லை. புகைவண்டி ஓடாத காலத்தில் இதனால் தீங்கொன்றும் இல்லை. வண்டி ஓடத் தொடங்கியபின், ஊருக்கொரு நேரம் ஒவ்வாதாயிற்று. அப்போது கைகொடுத்தது சென்னை. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய வானிலைக்கூடத்தின் கணிப்பைக் கொண்ட ‘மதராஸ் நேரம்’, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியப் புகைவண்டிகளின் பொது நேரமாயிற்று. கிரீனிச் நேரத்துக்கு அது 5 மணி 21 நிமிடம் முற்பட்டது.

1906 ஜனவரி 1 முதல் மிர்ஸாப்பூருக்கு அண்மையில் செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, 5½ மணி முற்பட்ட இந்தியப் பொது நேரம் வழக்குக்கு வந்தது. ஆயினும் கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் தன் நேரத்தை 1955 வரையிலும் விடவில்லை. இன்று கடிகாரம் எங்கும் ஒன்றே. ஞாயிறு மட்டும் தன் வழியிலேயே செல்கின்றது. சராசரியாக, கொல்கத்தாவில் 11.37க்கும், சென்னையில் 12.09க்கும், நாம் வாழும் நாகபுரியில் 12.14க்கும், மும்பையில் 12.39க்கும் உச்சிப்பொழுது வாய்க்கின்றது.

இனி ‘ஏ.எம்.’, ‘பி.எம்.’ என்பவற்றைக் காண்போம். இவை இலத்தீனில் உச்சிக்கு முன், உச்சிக்குப் பின் என்று பொருள்படும் தொடர்களின் குறுக்கங்கள். ஆகவே உச்சிப்பொழுது தன்னளவில் முன்னுமன்று, பின்னுமன்று. பன்னிரண்டு மணிக்கு இக்குறிகளை இட்டால் பகலா, இரவா என்ற மயக்கம் எழும். அதனாற்றான் புகைவண்டி அட்டவணை 24 மணிக் கணக்கைக் கைக்கொண்டது. நண்பகல் 12.00, நள்ளிரவு 0.00. பகல் பற்றிய மயக்கம் தீர்ந்தது. ஆனால் நள்ளிரவில் வேறொரு மயக்கம் எஞ்சி நிற்கின்றது. அதனை நாம் நூலிற் கற்கவில்லை. பயணச்சீட்டுச் சாளரத்திற் கற்றோம்.

பல்லாண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணியாற்றிய காலத்தில், தமிழ்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம் சீட்டுப் பெற்றார். அன்னையாரின் முதலாண்டுத் திதி 15ஆம் தேதி மாயவரத்தில். வண்டி 14ஆம் தேதி 0.20க்கு. சீட்டில் எல்லாம் சரியாகவே அச்சாகியிருந்தது. பெரியவர் 14ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குப் பெட்டியும் கையுமாக நிலையத்துக்கு வந்தார். வண்டி புறப்பட்டு ஏறத்தாழ 23 மணி நேரம் ஆகியிருந்தது.

“பதினாலாம் தேதி ராத்திரின்னுதானே தம்பி, நினைச்சேன்?” என்றார். நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாய்மொழி அறிந்தவன் சாளரத்தில் இருக்கிறான் என்று நம்பி வந்தவர் அவர். விதிப்படி நம்மீது பிழையில்லை. ஆனால் ஒரு வாய்ச்சொல் உதவியிருந்தால் அவர் உரிய நாளில் ஊர் சேர்ந்திருப்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கிச் சென்ற காட்சி இன்னும் நம் கண்ணைவிட்டு அகலவில்லை.

அன்று முதல், நள்ளிரவு கடந்து புறப்படும் வண்டிக்குச் சீட்டுக் கேட்போர் யாராயினும், “13ஆம் தேதி இரவு உணவு முடித்துக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிடுங்கள், பன்னிரண்டு அடித்ததும் 14 பிறந்துவிடும்” என்று அவரவர் மொழியில் சொல்லியே சீட்டைக் கொடுக்கிறோம். வரிசையில் நிற்போர் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. சலிக்கட்டும்.

நம் சங்க அன்பர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லச் சீட்டு எடுக்கும்போது, மணி சுழியத்தில் தொடங்குமாயின் தேதியை மீண்டும் ஒருமுறை நோக்குவார்களாக. வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் அதனை வாயாற் சொல்லிவைப்பார்களாக.