சிறைக்கதவு திறந்த பின்

குடந்தைக்கு மேற்கே ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தொலைவில், காவிரி வளப்படுத்தும் வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் சுவாமிமலை. மகன் குருவாக அமர்ந்து தந்தைக்கு உபதேசித்த தலம் என்று அதன் தலபுராணம் பெருமையுடன் கூறும். அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு சிறைக்கதை இருப்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பிரணவத்தின் பொருள் அறியாத பிரமனை முருகன் சிறையில் அடைத்தான். பின்னர் சிவபெருமான் வேண்டியதால் அவனை விடுவித்தான். விடுதலை பெற்ற பிரமன் மீண்டும் தன் படைப்புத் தொழிலை மேற்கொண்டான் என்பது கதை.

நம் சமயம் வேறாயினும் இக்கதையின் முடிவு நம் கருத்திற்குரியது. தண்டனை முடிந்தது, தொழில் திரும்பக் கிடைத்தது. பழைய பிழையைச் சுட்டி எவரும் பிரமனை வாசலில் நிறுத்தவில்லை. ஆனால், நம் நாட்டின் வரலாறு இவ்வளவு இரக்கமுடையதாக இருந்ததில்லை.

வ. உ. சிதம்பரனாரை எடுத்துக்கொள்வோம். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட அவருக்கு 1908-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்ததை நம் பிள்ளைகள் பாடநூல்களில் படிக்கின்றனர். 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபின் அவர் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தூத்துக்குடியில் ஆயிரக்கணக்கானோரை எழுச்சிகொள்ளச் செய்த அந்த மனிதரை வரவேற்கச் சிறைவாசலுக்கு வந்தவர் மிகச் சிலரே. அவருள் ஒருவரான சுப்பிரமணிய சிவாவும் சிறைவாழ்வின் கொடையாகத் தொழுநோயைச் சுமந்தவர். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்ததால் சிதம்பரனார் சென்னையில் சிறு வாணிகம் செய்து வறுமையோடு போராடினார். பல ஆண்டுகளுக்குப் பின் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் மீண்டது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று அவர் பெயரிட்டார். சிறைக்குள் இழுத்த செக்கைவிட, வெளியே இழுத்த செக்கு கனமானதாக இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் நம் காவிரிக்கரை கண்டிருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறத் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குப் புறப்பட்டனர். சட்டத்தை மீறிச் சிறைபுகவே அவர்கள் நடந்தனர். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், அவர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறை செல்ல நேரிடும் என்று எச்சரித்தார். சோறுடைய சோழநாட்டில் சோறிடுதல் குற்றமாயிற்று! மக்களோ உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். கட்டியவர் யார் என்று காவலர்கள் எப்படிக் கண்டறிவர்? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களை வெளிப்படையாகவே வரவேற்று விருந்தளித்தார். அதற்காகச் சிறை சென்றார். வேதாரணியத்தில் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், தம்மிடம் சவரம் செய்ய வந்தவர் காவலர் என்று அறிந்ததும் பணியைப் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் சிறையே பரிசாயிற்று.

இவர்களை நாம் தியாகிகள் என்று போற்றுகிறோம், அது முறையே. ஆயினும் ஒரு கேள்வியை நம் நெஞ்சத்திடம் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். நாட்டுக்காகச் சிறை சென்றவருக்கு மாலை சூட்டும் நாம், திருடிச் சிறை சென்றவன் திரும்பி வரும்போது என்ன செய்கிறோம்? கோபத்தில் வெட்டிவிட்டு, பத்தாண்டு கழித்து நரைத்த தலையோடு ஊருக்கு வருகிறவனுக்கு யார் வேலை தருகிறார்? யார் வீடு வாடகைக்கு விடுகிறார்? அவன் மகளைப் பெண் கேட்டு வர யார் துணிகிறார்?

சட்டம் மெல்ல மெல்லக் கண் திறந்துவருகிறது. 1894-ஆம் ஆண்டின் சிறைச்சட்டம் ஒழுங்கையும் தண்டனையையுமே பெரிதாகக் கருதியது. 1978-இல் சுனில் பத்ரா வழக்கில், சிறைவாயிலைக் கடப்பதால் மனிதன் தன் அடிப்படை உரிமைகளை முற்றும் இழந்துவிடுவதில்லை என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. சிறைக்குள் மற்றொரு கைதி பட்ட சித்திரவதையைப் பத்ரா கடிதமாக எழுத, அக்கடிதமே பின்னர் வழக்காக ஏற்கப்பட்டது. இத்தீர்ப்புகளில் பங்குகொண்ட நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1948-இல் தாமே சிறைக்காவலில் இருந்தவர்.

கைதிகளின் சாதியைப் பார்த்து, கூட்டுவதும் பெருக்குவதும் இன்னாருக்கு, சமைப்பது இன்னாருக்கு எனப் பணியைப் பிரித்த சிறை விதிகள் செல்லாதவை என்று 2024 அக்டோபர் 3 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1930-இல் வைரப்பன் தம் தொழிலை மனச்சான்றின்படி மறுக்கும் உரிமையை நிலைநாட்டினார். அந்த உரிமை சிறைக்குள் எழுத்தில் இடம்பெற இத்தனை ஆண்டுகள் ஆயின.

2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெறாதவர். ஊரார் நாவோ அவர்களுக்கு முன்பே தீர்ப்பெழுதி விடுகிறது. நீதிமன்றம் விடுவித்தாலும் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

பொதுத் தீர்வைப்பற்றி நம் ஆண்டவர் கூறியதை நினைவுகூர்வோம். பசித்தவருக்கு உணவளித்தல், அந்நியரை ஏற்றுக்கொள்ளுதல், சிறையிலிருப்போரைத் தேடிச்செல்லுதல் ஆகியவற்றை அவர் ஒரே வரிசையில் வைத்தார். சிறையிலிருப்பவர் குற்றமற்றவரா, குற்றவாளியா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. சிலுவையில் அவரிடம் வான்வீட்டின் வாக்குறுதியைப் பெற்றவனும் தண்டனை பெற்ற கள்வனே. 2024 டிசம்பர் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் யூபிலி ஆண்டின் புனிதக் கதவுகளுள் ஒன்றை உரோமையின் ரெபிபியா சிறையில் திறந்துவைத்தது இந்த நற்செய்தியின் செயல்வடிவமே. 1981-இல் கேரளத்தில் தோன்றிய இந்தியச் சிறைப்பணியினரும் இதே பாதையில் நடக்கின்றனர். ஆனால், சிறையைச் சந்திப்பது சிலருக்கு அமையும் பணி. திரும்பி வருகிறவரை ஏற்பது நம் ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு தெருவிலும் உள்ளோர் கடமை.

சுவாமிமலையின் சிற்பியர் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுவர். சூட்டில் மெழுகு உருகி ஓட, அவ்விடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறியதும் மண்கூட்டை உடைத்து எறிவர். உடைக்காவிடில் உள்ளே உள்ள திருவுருவை எவரும் காண இயலாது.

சிறைத்தண்டனை ஒரு மண்கூடு. அதை உடைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. உடைத்த பின்னும் "கைதி" என்னும் சொல்லால் அதே கூட்டை மீண்டும் பூசுவது நம் கைகள். 1930-இல் விருந்தளித்தால் சிறை என்ற அச்சம் இருந்தது. அப்போதும் நம் முன்னோர் மரக்கிளையில் சோறு கட்டினர். இன்று எந்த ஆணையும் நம்மைத் தடுக்கவில்லை. நம் வாசல் மட்டுமே மூடியிருக்கிறது.