யானைக்கவுனி: இல்லாத வாசல், கட்டாத வரி

சென்ட்ரல்ல இறங்கி வால்டாக்ஸ் ரோட்டுல வடக்கே நடந்தா, வலது பக்கம் யானைக்கவுனித் தெரு வரும். உள்ளே திரும்பினா தங்கசாலை, சௌகார்பேட்டை. அந்த முனையில இப்போ யானையும் இல்லை, கவுனியும் இல்லை. கவுனின்னா கோட்டை வாசல். தெலுங்கு வழியா நமக்கு வந்த சொல். தெருவுக்குப் பேர் கொடுத்த வாசலை எப்பவோ இடிச்சுட்டாங்க. அது ஏன் கட்டப்பட்டதுங்கிறதுதான் இன்னைக்கு நம்ம கதை.

முதல்ல இருந்த கருப்பர் நகரம் இந்த இடமே இல்லை. இன்னைக்கு ஹைகோர்ட் நிக்கிற பக்கம், புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது. நெசவாளர், வணிகர், துபாஷிகள்னு கம்பெனி வியாபாரமே அவங்க கையாலதான் நடந்தது. 1746-ல பிரெஞ்சுக்காரங்க மதராஸைப் பிடிச்சதும், கோட்டைக்குப் பக்கத்துல இருந்த வீடுகளை இடிச்சாங்க. 1749-ல ஊர் திரும்பக் கிடைச்சதும் ஆங்கிலேயர் என்ன செஞ்சாங்க தெரியுமா? மிச்சம் இருந்ததையும் இடிச்சாங்க! எதிரி ஒளிஞ்சுக்க ஒரு வீடுகூட இருக்கக் கூடாது, பீரங்கிக்கு எதிர்ல வெட்டவெளி வேணும். பாரிமுனையில டேர் ஹவுஸ் பக்கம் ஒரு கல்தூண் இருக்கும், பார்த்திருப்பீங்க. 1773-ன்னு தேதி போட்ட எல்லைக்கல் அது. அந்த வெட்டவெளிக்குள்ள யாரும் வீடு கட்டக் கூடாதுன்னு சொல்றதுக்காக நட்ட ஆறு தூண்கள்ல மிஞ்சினது அது ஒண்ணுதான்.

வீடு இழந்தவங்க வடக்கே முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைப் பக்கம் நகர்ந்தாங்க. அங்கே தடுப்புன்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்லை. 1758 டிசம்பர்ல லாலி படையோட வந்தப்போ, நேரா அந்த ஊருக்குள்ள புகுந்தார். கோட்டை மாசக்கணக்கா தாக்குப்பிடிச்சது; ஊர் கொள்ளை போனது. அடுத்த பத்து வருஷத்துல ஹைதர் அலி படை பரங்கிமலை வரைக்கும் வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் கம்பெனிக்கு இந்த மக்களுக்கும் ஒரு மதில் வேணும்னு தோணுச்சு.

கிழக்கே கடல், தெற்கே கோட்டை. அதனால வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினாங்க. எண்ணூர் வாசல், திருவொற்றியூர் வாசல்னு வடக்கே சில; மேற்கே யானைக்கவுனி. வேலையை எடுத்துச் செஞ்சவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெரும் பணம் சேர்த்து, பின்னால லண்டன் பாராளுமன்றத்துல எட்மண்ட் பர்க்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரே, அதே ஆள்தான். (கடைசியில பாரிஸ்ல கையில காசில்லாம செத்தார். அவருக்குத் தனி எபிசோடே போடலாம்.)

சரி, செலவு யாருடையது? உள்ளே குடியிருக்கிறவங்க தலையில கட்டலாம்னு கம்பெனி நினைச்சது. அதுதான் வால் டாக்ஸ், மதில் வரி. கோட்டையைக் காப்பாத்தறதுக்காக இவங்க வீட்டை இடிச்சது கம்பெனி. அந்த மாதிரி வெட்டவெளிக்கு வந்தவங்ககிட்டயே சுவருக்கான பில்லையும் நீட்டினா, அதுக்கு என்ன பேர்? எனக்கு இதைப் பாதுகாப்புன்னு சொல்ல மனசு வரலை. ஆனா அந்த வரி வசூலாகவே இல்லை. பேர் மட்டும் மதிலை ஒட்டின சாலையில ஒட்டிக்கிச்சு.

19ஆம் நூற்றாண்டுல படையெடுப்பு பயம் போச்சு, ஊர் பெருத்தது, மதில் இடைஞ்சலாச்சு. வாசல்களும் அதோட போச்சு. வடக்கே பழைய ஜெயில் ரோட்டுல ஒரு துண்டு மதில் மட்டும் மிஞ்சியிருக்கு. அதுக்கு மேல ஒரு பூங்கா அமைச்சு, மாடிப் பூங்கான்னு பேர் வெச்சாங்க.

வால்டாக்ஸ் ரோட்டுக்கு இப்போ அதிகாரப்பூர்வப் பேர் வ.உ.சி. சாலை. ஆட்டோக்காரர்கிட்ட அப்படிச் சொல்லிப் பாருங்க, "எது, வால்டாக்ஸா?"ன்னு கேட்பார்.