செவிலியர் கல்வி: போடிநாயக்கனூரும் ஏலமலையும்

தமிழ்நாட்டில் செவிலியர் கல்வி பெரிய மருத்துவமனைகளை ஒட்டியே வளர்ந்தது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் 1909இல் தொடங்கிய பள்ளி 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியானது. தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள ஏலமலைக்கு மருத்துவமனை வார்டில் பெறும் பயிற்சி மட்டும் போதாது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத் தோட்டங்களில் ஏலக்காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்குகிறார்கள். பூச்சிமருந்து நெடியில் மயங்குவது ஒரு மாநிலத்தில், கர்ப்பகாலப் பதிவேடு இன்னொரு மாநிலத்தில். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியும், சிறு தோட்டங்கள் பல அதன் வரம்புக்குள் வரவில்லை.

மலையடிவாரத்திலேயே பயிற்சி தரலாம் என்றால், அங்கே நோயாளிகள் குறைவு, மேற்பார்வைக்கு ஆளில்லை என்பார்கள். அவசர சிகிச்சைக்கு அது சரியே. அந்தச் சிகிச்சையைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில்தான் கற்க முடியும். ஆனால் சமுதாய சுகாதாரம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் களப்பயிற்சியை ஜீப் திரும்பும் மாலை நேரத்துக்கு மாற்றி, கிராம சுகாதாரச் செவிலியரின் மேற்பார்வையில் நடத்த வேண்டும்.