தான்றி மரத்தடியில் ஒரு கணக்கு

2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், கூடங்குளத்தில் வசித்துவந்த என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மாடியறைச் சன்னல் வழியே ஒருபுறம் காற்றாலைகளும் மறுபுறம் அணுமின் நிலையத்தின் குவிமாடங்களும் தெரிந்தன. மேசைமீது திறந்திருந்த மடிக்கணினியில் இணையவழிப் போக்கர் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை வட்டமேசை ஒன்றைச் சுற்றி ஆறு பெயர்கள். ஒவ்வொரு பெயரின் அருகிலும் சிறுசிறு எண்கள். அவை என்னவென்று கேட்டேன்.

“ஐயா, நளன் கதை நடத்தும்போது ஒரு ராசா மரத்துல இருந்த காயை எல்லாம் பார்த்த மாத்திரத்துல எண்ணிச் சொன்னான்னு சொன்னீங்கள்லா, அதே வேலையத்தான் இந்த மென்பொருளு செய்யுது” என்றார்.

வகுப்பில் நான் சொன்ன கதை, நான் எண்ணியிராத இடத்தில் போய்த் தங்கியிருந்தது. அந்த எண்கள் ஆடுபவருக்கு உதவுகின்றனவா, ஊறு செய்கின்றனவா என்ற வினா அன்றிலிருந்து என்னைத் தொடர்ந்து வருகிறது. அதற்கு விடைதேட அந்தக் கதையிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

நளன் வரலாற்றைத் தமிழில் புகழேந்தி நளவெண்பாவாகப் பாடினார். பின்னர் 16-ஆம் நூற்றாண்டில், நம் பொருநைக்கரைக்கு அண்மையிலுள்ள தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் அதனை நைடதமாகப் பாடினார். மூலக்கதை மகாபாரதத்தின் ஆரணிய பருவத்தில் உள்ளது. சூதில் நாடிழந்து காடடைந்த தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் கூறும் கதை அது. தோற்றவனுக்குச் சொல்லப்பட்ட தோற்றவன் கதை என்பது நோக்கத்தக்கது.

புட்கரனிடம் நாட்டைத் தோற்ற நளன், உருமாறி, அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகிறான். விதர்ப்ப நாட்டிற்குச் செல்லும் வழியில், தான்றி மரமொன்றின் இலைகளையும் காய்களையும் மன்னன் ஒரு பார்வையில் எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிப் பார்க்கிறான். கணக்குப் பிழைக்கவில்லை. தேர் செலுத்தும் தன் வித்தையைக் கொடுத்து, எண்ணும் வித்தையையும் சூதின் உட்பொருளையும் நளன் பெற்றுக்கொள்கிறான். அக்கணமே கலி அவன் உடலைவிட்டு நீங்குகிறான். பின்னர் நளன் மீண்டும் சூதாடி நாட்டை வெல்கிறான். மரம் தான்றியாக அமைந்தது தற்செயலன்று. வேதகாலத்தில் தான்றிக்காய்களே சூதாடு காய்களாக இருந்தன.

இக்கதையை ‘அறிவு வென்றது’ என்று சொல்லி முடித்துவிடுவது எங்கள் வகுப்பறை வழக்கம். நானும் அவ்வாறே நடத்தினேன். ஆனால் இரண்டாம் ஆட்டத்தில் புட்கரனின் எதிரே அமர்ந்தவன் பழைய நளன் அல்லன் என்பதைப் புட்கரன் அறியான். முதல் ஆட்டத்தில் நளனுக்கு நேர்ந்தது இரண்டாம் ஆட்டத்தில் புட்கரனுக்கு நேர்ந்தது. எண்ணும் வித்தை மேசையில் ஒருவனுக்கு மட்டும் துணையாயிற்று. இதை மனத்திற்கொண்டு மென்பொருளின் வரலாற்றிற்கு வருவோம்.

நேரில் சீட்டாடுபவர் எதிராளியின் முகத்தைப் பார்க்கிறார், கைவிரல்களைப் பார்க்கிறார், முன்பு அவர் ஆடியதை நினைவில் கொள்கிறார். இணையத்தில் முகமில்லை. அதற்கு ஈடாக, முடிந்த ஒவ்வோர் ஆட்டமும் எழுத்து வடிவக் கோப்பாகக் கணினியில் சேமிக்கப்படும் வசதி இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் வந்த ‘போக்கர் டிராக்கர்’ போன்ற மென்பொருள்கள் இக்கோப்புகளைப் படித்து, ஒருவர் நூற்றுக்கு எத்தனை முறை பணமிட்டு ஆட்டத்தில் நுழைகிறார், எத்தனை முறை தொகையை உயர்த்துகிறார், எதிர்ப்பு வந்தால் எத்தனை முறை சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுகிறார் என்று விழுக்காடு கணக்கிட்டன. அடுத்த கட்டமாக, அவ்வெண்கள் ஆட்டம் நடக்கும்போதே பெயரருகில் தோன்றலாயின.

காலமும் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர், 86 டாலர் இணையத் தகுதியாட்டத்தின் வழியே உலகப் போட்டிக்குள் நுழைந்து 25 இலட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினர். 2006-இல் 8,773 பேர். புதியவர்கள் வெள்ளமென வந்தனர். மென்பொருள் வைத்திருந்த சிலருக்கு அந்தப் புதியவர்கள் திறந்த புத்தகங்களாயினர்.

உதவி என்பதை மறுப்பதற்கில்லை. பல மேசைகளில் ஒரே நேரத்தில் ஆடுபவர் எல்லாரையும் நினைவில் வைக்க இயலாது. அதைவிடச் சிறந்த பயன், தம் ஆட்டத்தையே திரும்பிப் பார்ப்பது. தோல்விக்கு விதியைப் பழிப்பவரிடம், ‘நீ இந்த இடத்தில் ஆயிரம் முறை இதே பிழையைச் செய்திருக்கிறாய்’ என்று கணக்குக் காட்டும். அந்த அளவில் அது நல்லாசிரியன்.

ஊறும் அங்கேயே தொடங்குகிறது. 52 சீட்டுகளில் இரண்டு சீட்டுக் கை 1,326 வகையாக அமையலாம். ஒருவருடன் நூறு ஆட்டம் ஆடிய அளவில், அரிதாக நிகழும் ஒரு செயலைச் சில முறையே கண்டிருப்போம். அச்சிலவற்றைக் கொண்டு திரையில் ‘50 விழுக்காடு’ என்று எண் எழுந்து நிற்கும்போது, அது ஆயிரம் முறை கண்டறிந்த உண்மையைப் போலவே தோற்றமளிக்கும். கற்றுக்குட்டி அந்த எண்ணை நம்பிப் பணத்தை இடுகிறான். கணக்கு தரும் துணிச்சல் கணக்கின் தகுதியைவிடப் பெரிதாகிவிடுகிறது.

இரண்டாவது ஊறு எல்லாருக்கும் பொதுவானது. மேசையில் ஒருவரிடம் மட்டும் மென்பொருள் இருந்தால் அவருக்கு ஆதாயம். அறுவரிடமும் இருந்தால் ஆதாயங்கள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துவிடும். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களின் பணத்திலிருந்து நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு மட்டும் குறையாது. புதியவர்கள் விரைவில் பணமிழந்து வெளியேற, எஞ்சியவர்கள் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். நிறுவனங்களே இதை உணர்ந்தன. 2011-இல் போடாக் தளம் பெயர் தெரியாத மேசைகளைக் கொண்டுவந்தது. 2019-இல் பார்ட்டிபோக்கர், ஆட்டக் கோப்புகளைத் தரவிறக்கும் வசதியை நிறுத்தி, ஆடுவோர் தம் பெயர்களை மாற்றிக்கொள்ளச் செய்தது. இதில் அருள் எதுவுமில்லை. குளத்தில் மீன் குறைந்துவிடக் கூடாது என்ற கவலைதான்.

இருப்பினும் பதிவே கூடாது என்று தீர்ப்பளிக்க இயலாதபடி, 2007-இல் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஆப்சலூட் போக்கர் தளத்தில் போட்டியொன்றில் தோற்ற ஒருவர் தம் ஆட்டப் பதிவைக் கேட்டார். வழக்கத்திற்கு மாறாக, எல்லாருடைய மறைசீட்டுகளும் அடங்கிய முழுக் கோப்பு அவருக்கு அனுப்பப்பட்டது. ஆட்டக்காரர்கள் அதனை ஆராய்ந்து, வென்றவர் பிறர் சீட்டுகளைக் கண்டே ஆடியிருக்க வேண்டும் என்று நிறுவினர். உள்ளிருந்தே மறைசீட்டுகளைப் பார்க்கும் வழி இருந்தது பின்னர் வெளியாயிற்று. அல்டிமேட்பெட் தளத்திலும் இதே மோசடி 2008-இல் அம்பலமானது. இயல்புக்கு முற்றிலும் ஒவ்வாத வெற்றி விகிதமே அங்கு ஐயத்தை எழுப்பியது. ஆட்டக்காரர்களிடம் பதிவு இல்லையென்றால் திருட்டு விதியின் விளையாட்டாகவே கணக்கிடப்பட்டிருக்கும்.

ஆக, தீமை பதிவில் இல்லை; அது ஒருசிலர் கையில் மட்டும் இருப்பதில்தான் உள்ளது. நம் நாட்டின் சட்ட வரலாற்றில் இக்கோணம் போதிய அளவு நோக்கப்படவில்லை என்பது என் கருத்து. 1930-ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம், திறனாட்டங்களுக்கு விலக்களித்தது. 1967-இல் செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரிதும் திறன் சார்ந்தது என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று, விழும் சீட்டுகளை நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது என்பது. குதிரைப் பந்தயம் குறித்த 1996-ஆம் ஆண்டின் தமிழக வழக்கிலும் திறனே அளவுகோலாயிற்று. நினைவாற்றல் திறன் என்பது சரியே. ஆனால் அந்த நினைவு விலைக்கு வாங்கிய மென்பொருளில் இருக்குமானால், அது யாருடைய திறன்?

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டக் கடனால் உயிர்மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில், 2021-இல் இயற்றப்பட்ட தடைச்சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கியது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையையொட்டிப் புதிய சட்டம் உருவாகி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றும், ரம்மியும் போக்கரும் திறனாட்டங்களே என்று கூறி அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2025-இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டத்தை நிறுத்தும் விதிகள் வந்தன; ஜூனில் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. 2025 ஆகஸ்டில் குடியரசுத்தலைவர் ஒப்புதல் பெற்ற நடுவணரசின் சட்டம், திறனா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே கைவிட்டு, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. சட்டம் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. எனினும் முன்னணி இந்திய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின.

‘திறனாட்டம்’ என்ற வாதம் நிறுவனங்களுக்குக் கேடயமாக இருந்தது. திறனாட்டமே என்பதற்கு மென்பொருளின் இலட்சக்கணக்கான பதிவுகளே சான்று. ஆனால் அதே சான்றைத் திருப்பிப் படித்தால், திறனற்றவன் தொடர்ந்து ஆடினால் தோற்பது பெரும்பாலும் உறுதி என்றாகிறது. ‘திறன்’ என்ற சொல் வென்றவனைப் பாராட்டியது. அதே சொல் தோற்பவனுக்கு எச்சரிக்கையாகவும் அமைய வேண்டியிருந்தது.

என் மாணவர் முதல் சில மாதங்கள் வென்றார். வென்ற பொருள் மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பு என்பது வள்ளுவர் கருத்து. இடிந்தகரைக்கு அருகே வளர்ந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெற்றியால் ஊக்கம் பெற்றுப் பெரிய தொகை மேசைகளுக்குச் சென்றார். அங்கே எல்லாரிடமும் அதே எண்கள் இருந்தன. இரண்டு ஆண்டுகளில் சேமிப்பும், தங்கையின் திருமணத்திற்கென வைத்திருந்த பணமும் போயின. பின்னர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “ஐயா, அந்த மென்பொருள்ல என் பேருக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. எவ்வளவு தோத்திருக்கேன்னு முதல் நாள்லேருந்து அது எழுதித்தான் வெச்சிருந்தது. நான் அந்தப் பக்கத்தை மட்டும் திறக்கவே இல்ல.”

இப்போது அவர் வேறு தொழிலில் இருக்கிறார். கடனும் பெருமளவு அடைந்துவிட்டது. நானும் நளன் கதையை இப்போது சற்று வேறாகவே நடத்துகிறேன். தான்றிக் காய்களை மன்னன் எண்ணிச் சொன்ன இடத்தில் பாடத்தை நிறுத்தி, “இந்த வித்தையைப் புட்கரனுக்கும் யாரேனும் கற்றுக்கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்?” என்று மாணவர்களைக் கேட்கிறேன். சென்ற ஆண்டு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: “புட்கரன் ஆட உட்கார்ந்திருக்கவே மாட்டான், ஐயா.”