ஏலமலை அடிவாரத்துச் செல்வ வீதிகள்

மேற்குத் தொடர்ச்சி மலை மூன்று புறமும் அரண் செய்ய, அதன் அடிவாரத்தில் விளங்கும் பழம்பதி போடிநாயக்கனூர். மலைமேல் விளைவது ஏலம். மலையடியில் கூறப்படுவதும் ஏலம். இவ்விரண்டும் கூடியே இவ்வூரின் செல்வ வீதிகளைச் சமைத்தன.

நாயக்கர் காலப் பாளையங்களுள் ஒன்றாகவும், பின்னர் ஜமீனாகவும் திகழ்ந்தது இவ்வூர். இராமாயணச் சுவரோவியங்கள் பொலியும் ஜமீன் அரண்மனை அப்பழம் பெருமைக்குச் சான்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை நீங்கியது. ஆயினும் ஊரின் செல்வம் குன்றவில்லை. அதன் ஊற்று மலையில் இருந்தது.

அம்மலைப் பொருள் இறங்கிய வழிகள் பல. மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் போடியை அடைந்த காலம் உண்டு. 1928-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் வாணிகம் தழைத்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்ற இரயில், 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் போடியைத் தொட்டது. முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையோ 17 கொண்டை ஊசி வளைவுகளை உடையது.

வீடு கீழே, தோட்டம் மேலே என்பதே இவ்வூர்ச் செல்வர் பலரின் வாழ்வு. முன்பு திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் இருந்த அம்மலைகள், 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிவினையில் கேரளத்தைச் சேர்ந்தன. எல்லைக்கு அப்பால் விளைந்த காய், எல்லைக்கு இப்பால் மாடங்களாயிற்று, திருக்கோயில் திருப்பணிகளுமாயிற்று.

ஆயினும் அச்செல்வம் எவர் கையால் வந்தது? ஏலக்காய் மரக்கிளையில் தொங்குவதன்று. செடியின் அடியில், தரையை ஒட்டிய கொத்துகளில் காய்ப்பது. மழையிலும் குளிரிலும் குனிந்தும் குந்தியும் அதனைக் கொய்பவருள் பெரும்பாலோர் பெண்டிர். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தே ஒரு கிலோ ஏலமாகும். விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறி, மாலையில் இறங்குவோர் பலர். 2020-ஆம் ஆண்டு, பெருந்தொற்றினால் எல்லை அடைபட்டபோது அக்கைகள் மலையேற இயலவில்லை. தோட்டம் இருந்தும் ஆளின்றித் தவித்த அந்நாளில், மாடங்களின் அடித்தளம் எதுவென்று ஊர் உணர்ந்தது.

தென்திருவண்ணாமலை எனப் போற்றப்பெறும் பரமசிவன் மலைக்கோயிலை நோக்கிக் கைகூப்புங்கால், செல்வரும் கூலியாளரும் ஒரே படிகளில் ஏறுகின்றனர். திருப்பணிக் கல்வெட்டில் கொடையாளர் பெயர் பொறிக்கப்பெறுவது முறையே. அது அறத்திற்கு ஊக்கம் தருவது. எனினும் அக்கொடையை மலையிலிருந்து சுமந்து வந்தோர்க்குக் கல்லில் இடமில்லை. அவர்தம் மக்களின் கல்விக்கும் நோய்க்கும் ஈவதும் திருப்பணியே ஆகும்.

கும்பாபிஷேகத்தன்று கலசநீர் விமானத்தின்மேல் பொழிந்தபின், கூடியிருப்போர் அனைவர்மீதும் தெளிக்கப்பெறுகின்றது. அந்நீர் ஆள் பார்த்து விழுவதில்லை. அதன் குளிர்ச்சிபோல், ஏலமலை தந்த வளமும் எல்லார்மேலும் பொழிக! இறைவன் திருவருள் ஓங்குக!